இடுமருந்தும் இல்லை, ஹார்மோனும் இல்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, அந்தப் பக்கம் பாகூர் வரைக்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் சில பெற்றோர் கேட்பது இது: "பொண்ணு மனசு மாற ஒரு மாத்திரை குடுங்க டாக்டர்."

விசாரித்தால், கல்லூரியில் படிக்கும் பெண், வேறு சாதிப் பையன். முதலில் அடி விழும், செல்போனைப் பிடுங்குவார்கள், அப்புறம் "அவன் வசிய மருந்து வச்சிட்டான்" என்று யாராவது சொல்ல, இடுமருந்து எடுப்பவரிடம், அதாவது சாப்பாட்டில் கலந்து கொடுத்ததாகச் சொல்லும் அந்த மருந்தை வாந்தியாக வெளியே எடுப்பதாகச் சொல்பவரிடம், கூட்டிப்போவார்கள். ஒரு பெண் என்னிடம் சொன்னதை, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன். விடிகாலையில் வெறும் வயிற்றில் ஏதோ பச்சிலைச் சாற்றைச் சொம்பு சொம்பாகக் குடிக்க வைத்து, வாந்தி எடுக்கும்வரை தலையைப் பிடித்து அமுக்கியிருக்கிறார்கள். எடுத்ததும் கறுப்பாக ஒரு உருண்டையைக் காட்டி, அம்மன் புண்ணியத்தில் மருந்து வெளியே வந்துவிட்டது என்றாராம் அந்த ஆள். உருண்டை அவர் விரலிடுக்கிலிருந்து விழுந்ததை அவள் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். "பேசுறது உங்க பொண்ணு இல்ல, உள்ள இருக்கறது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் எடுபடவில்லை.

அதிலும் மனசு மாறவில்லை என்றால் என்னிடம் வருகிறார்கள், கூடவே படித்த சொந்தக்காரர் ஒருவர் வருவார். அவருக்கு வசியத்தில் நம்பிக்கை கிடையாது. இது ஹார்மோன் கோளாறு, மூளையில் கெமிக்கல் மாறிவிட்டது, வேற ரத்தம் கலந்தால் ஜீன் கெட்டுப்போகும் என்று சயின்ஸே சொல்கிறது என்பார். சயின்ஸ் அப்படிச் சொல்லவே இல்லை. பரம்பரை நோய்கள் சிலவற்றின் ஆபத்து கூடுவது அத்தை மகன், தாய்மாமன் என்று நெருங்கிய சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும்போதுதான். ஒருவர் அம்மன் பெயரைச் சொன்னார், இன்னொருவர் ஜீன் என்கிறார். இரண்டு பேருக்கும் வேண்டியது சாதி விட்டுச் சாதி போகாத மகள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 1851-இல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எஜமானரை விட்டுத் தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்கு ‘டிரேப்டோமேனியா’ என்ற மனநோய் இருப்பதாக எழுதினார். அடிமை பணிந்து கிடப்பதே ஆண்டவன் சித்தம் என்று பைபிளையும் துணைக்கு அழைத்தார், தடுக்கும் வழியாகச் சவுக்கடியையும் சொன்னார். மதமும் மருத்துவமும் ஒரே தாளில்! அடிமையாக இருக்கப் பிடிக்காமல்தான் அவன் ஓடினான் என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

என் துறையும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். தன்பாலின ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1973-இல்தான். அதை ‘மாற்றுகிறேன்’ என்று சிகிச்சை கொடுப்பது தொழில்முறை ஒழுங்கீனம் என்று நம் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொன்னது, அதுவும் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு.

சாமி கும்பிடுவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. மாத்திரையும் போட்டுக்கொண்டு பாடலீஸ்வரர் கோயிலுக்கும் போய்வருகிறவர்கள் என்னிடம் நிறைய பேர், அந்த ஆறுதல் நிஜம். ஆனால் மாத்திரையை நிறுத்து, சங்கிலி போட்டுக் கட்டு என்று ஒருவர் சொன்னால் அங்கே பக்தி முடிந்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவில் குணமாகும் என்று கொண்டுவிடப்பட்ட மனநோயாளிகளின் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள்.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருவோம். வீட்டாரை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசுகிறேன். தூக்கமில்லை, பயம், அழுகை என்றால் அது பட்ட அடியால் வந்தது, அதற்கு மருத்துவம் உண்டு. காதலுக்கு மருந்து எழுத மாட்டேன். தன் சமூகத்தின் வழக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துவரவில்லை என்பதை வைத்து யாரையும் மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் 3-வது பிரிவிலேயே சொல்கிறது. வயதுவந்த இருவர் சேர வீட்டார் சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2018-இல் சொல்லிவிட்டது. இதைக் கேட்டு எழுந்து போய்விடும் அப்பாக்கள் உண்டு. திரும்பி வந்து, "நான் அடிச்சதுனாலயா டாக்டர் தூங்கமாட்டேங்கறா?" என்று கேட்டவர்களும் உண்டு.

உங்களையோ தெரிந்த பெண்ணையோ இப்படி எங்காவது வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனால் 181-க்குக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான உதவி எண். மனசு தாங்கவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.