விறைத்து நிற்கும் வெள்ளையணுக்கள்

நெஞ்சுச்சளி பச்சையாக வந்தால் கிருமி முற்றிவிட்டது என்று அர்த்தமா என ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தப் பச்சை பெரும்பாலும் கிருமியின் நிறமல்ல. நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவுக்குள் இருக்கும் மைலோபெராக்ஸிடேஸ் நொதியின் நிறம். வைரஸ் தொற்றிலும் அது வரும். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் விழுங்குவது தவறு என்பதை அழுத்திச் சொல்கிறேன். சரி, ரத்தத்தில் ஓடும் இந்த அணுக்கள் நுரையீரலில் இவ்வளவு கூட்டமாகச் சேர்வது எப்படி?

தொடக்கம் தெரிந்த கதைதான். காற்று நுண்ணறைகளில் காவலிருக்கும் மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கணுக்கள் கிருமியைக் கண்டதும் வேதிச் செய்திகளைச் சுரக்கின்றன. உடலின் மற்ற பாகங்களில் என்றால், சிறு சிரைகளின் உட்சுவரில் செலக்டின் என்ற பிசின் புரதம் தலைகாட்டும்; அணு அதில் உருண்டு, வேகம் தணிந்து, ஒட்டிக்கொண்டு வெளியேறும். பாடநூல் படம் இதுதான்.

நுரையீரல் தந்துகிகளில் உருளவே இடமில்லை. நியூட்ரோபிலின் விட்டம் சுமார் 7 மைக்ரான். தந்துகிகளில் பல அதைவிடக் குறுகியவை. நுண்தமனியிலிருந்து நுண்சிரைக்குப் போய்ச் சேர இப்படி 40 முதல் 100 துண்டுகளைக் கடக்க வேண்டும். சிவப்பணுவுக்குக் கவலையில்லை. உட்கரு இல்லாத குழிந்த தட்டு, மடங்கி வழுக்கிப் போய்விடும். நியூட்ரோபிலோ உருண்டை. ஒவ்வோர் இடுக்கிலும் நின்று, உடலை நீட்டி, மெல்ல நுழைகிறது. அதனால் நலமாக இருக்கும்போதே இவை அங்கே நெரிசலாகத்தான் நிற்கின்றன.

என்னை மலைக்க வைப்பது அடுத்து நடப்பதுதான். அபாயச் செய்தி பட்ட மாத்திரத்தில் அணுவின் விளிம்பை ஒட்டி ஆக்டின் என்ற புரத இழைகள் கோத்துக்கொள்கின்றன. குழைவாக இருந்த உருண்டை விறைக்கிறது. இனி நீள முடியாது. நின்ற இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. இங்கே முதலில் பிடித்து நிறுத்துவது பிசின் அல்ல, விறைப்பு. இன்டெக்ரின் புரதங்கள் பிறகுதான் பிடியை இறுக்குகின்றன. பின்னர் அணு சுவரைக் கடந்து நுண்ணறைக்குள் இறங்குகிறது.

ஓர் அணுவை நுண்ணிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி அதன் விறைப்பை அளந்தவர்கள் இருக்கிறார்கள். இதனால் என்ன மருந்து வரும் என்று மட்டுமே கேட்கும் நிதிக்குழுவிடம் அத்தகைய ஆய்வுக்குப் பணம் பெயராது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பழைய செலோஃபேன் சவ்வு வைத்த டயாலிசிஸில் இதே நிகழ்வு வேறு உருவில் தெரிந்தது. ரத்தம் சவ்வைத் தொட்டதும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தத்தின் எதிர்ப்புப் புரதங்கள் தூண்டப்பட, சில நிமிடங்களில் நோயாளியின் வெள்ளையணு எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. நுரையீரலில் கிருமியே இல்லை. ஆனாலும் அணுக்கள் அங்கேதான் சிக்கி நின்றன. ஓரிரு மணி நேரத்தில் அவை விடுபட்டு மறுபடி ரத்தத்தில் கலந்தன.