நக்சோஸ் குவாரியில் கிடக்கும் பளிங்கு மனிதன்

கிரேக்கத்தின் நக்சோஸ் தீவில், அப்பொலோனாஸ் என்ற ஊருக்கு மேலே பழைய கல்குவாரி ஒன்று இருக்கிறது. அங்கே பத்து மீட்டருக்கும் அதிக நீளமுள்ள பளிங்கு உருவம் ஒன்று 2,500 ஆண்டுகளுக்கும் மேலாக மல்லாந்து கிடக்கிறது. தலை தெரிகிறது, தாடியின் திரட்சி தெரிகிறது, பாதம் தெரிகிறது. கண்ணும் வாயும் இன்னும் கல்லுக்குள்ளேதான் இருக்கின்றன.

கிரேக்கச் சிற்பிகளின் கைவேலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். முடிந்த சிலையில் உளித்தடமெல்லாம் தேய்ந்து மறைந்திருக்கும். பாதியில் நின்ற சிலை எதையும் மறைக்காது.

தலையை முடித்துவிட்டு மார்புக்கு வருவது அவர்கள் வழக்கமல்ல. சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, உடல் முழுவதையும் ஒரே சீராக, அடுக்கடுக்காகச் செதுக்கி உள்ளே போனார்கள். ஓரிடத்தில் அளவு தவறினாலும் சரிசெய்யக் கல் மிச்சமிருக்கும். குவாரியிலேயே இவ்வளவு வேலையை முடித்ததற்குக் காரணம் எடை. வேண்டாத கல்லை எதற்குக் கடற்கரை வரை இழுப்பது? உள்ளே விரிசல் இருந்தால் அதுவும் இங்கேயே தெரிந்துவிடும்.

தொடக்க காலத்தில் கூர்முனை உளியைக் கல்லுக்கு நேர்செங்குத்தாகப் பிடித்து அடித்தார்கள். பளிங்கு என்பது கால்சைட் படிகங்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் கல். நேராக விழும் அடி, மேல்தோலுக்குக் கீழே உள்ள படிகங்களையும் நொறுக்கும். நம் உடம்பில் அடிபட்ட இடம் போலவே கல்லும் அங்கே கன்றிப்போகும், வெளுத்த புள்ளியாக. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அதனால் சிலையின் கடைசித் தோலுக்குச் சற்று மேலேயே உளியை நிறுத்தியாக வேண்டும். அந்த இடம் எது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பல் உளி புழக்கத்துக்கு வந்தது. அதைச் சாய்த்துப் பிடித்தால் சீப்பால் வாரியதுபோல இணைகோடுகள் விழும், கல் கன்றாது. ஆடை மடிப்புகளின் ஆழத்துக்குத் துளைக்கருவி உதவியது.

பிறகு தேய்ப்பு. அதற்கான எமரி என்ற கடினமான தேய்ப்புக் கல்லும் நக்சோஸிலேயே கிடைத்தது. எமரிக்கு வலு தருவது குருந்தம். ஆங்கிலம் அந்தக் கனிமத்துக்கு வைத்திருக்கும் பெயரே நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட்டின் கடினம் 3, குருந்தத்தின் கடினம் 9. அதனால்தான் எமரிப் பொடியின் முன்னால் பளிங்கு இழைந்துகொடுத்தது.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய வெண்தோலின் மேல் வண்ணம் பூசினார்கள். கூந்தல், உதடு, கண், ஆடைக்கரை எல்லாவற்றுக்கும் நிறம் உண்டு. தன் பளிங்குச் சிலைகளில் எது பிடிக்கும் என்று கேட்டபோது, ஓவியர் நிக்கியாஸின் கை பட்டவைதான் என்று கிரேக்கச் சிற்பி பிராக்சிட்டிலீஸ் சொன்னதாக ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார்.