இலவச டோருக்கு யார் கூலி கொடுப்பது?

"டோர் பிரவுசர் இலவசம் என்கிறீர்கள். அத்தனை செர்வருக்கும் மாதாமாதம் யார் பணம் கட்டுகிறார்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். டோர் என்பது நாம் யார் என்று காட்டாமல் இணையத்தில் உலவ உதவும் வலையமைப்பு. அதன் செர்வர்களுக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள்தான் பணம் கட்டுகிறார்கள், பெரும்பாலும் கைக்காசிலிருந்து.

டோர் வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததே. நம் தகவல் மூன்று அடுக்குக் குறியாக்கத்தோடு கிளம்பி, இந்தத் தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று ரிலே (கைமாற்றி அனுப்பும்) கணினிகள் வழியாகப் போகிறது. அனுப்புவது யார் என்று முதல் ரிலேவுக்குத் தெரியும், எங்கே போகிறது என்று கடைசி ரிலேவுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்து எவருக்கும் தெரியாது. கடைசி ரிலேவை நடத்துபவர் பாடுதான் திண்டாட்டம். போய்ச் சேரும் தளத்தில் பதிவாவது அவருடைய ஐபி முகவரி (இணையத்தில் கணினியின் விலாசம்) என்பதால், யாரோ செய்த குற்றத்துக்கு அதுதான் மாட்டும். 2012-ல் ஆஸ்திரியாவில் இப்படி ஒருவர் வீட்டுக்குள் போலீஸ் புகுந்து கணினிகளை அள்ளிச் சென்றது.

சரி, இவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? 2010-ல் ஒரு யோசனை வந்தது: நன்றாக உழைக்கும் ரிலேக்களுக்குத் தங்க நட்சத்திரம். அதை நடத்துபவர் தானே இணையத்தில் உலவும்போது அவருக்கு முன்னுரிமை, வேகம் கூடும். ஆனால் ரிலேக்களின் பட்டியல் எல்லோரும் பார்க்கக்கூடியது. முன்னுரிமையோடு ஒரு இணைப்பு வந்தாலே, அனுப்பியவர் அந்தப் பட்டியலில் இருப்பவர் என்று தெரிந்துவிடும். லட்சக்கணக்கானோர் நடுவே மறைந்திருந்தவர் ஒரு சிறு கும்பலுக்குள் மாட்டிக்கொள்வார். பரிசே காட்டிக்கொடுத்துவிடுகிறது!

இதற்கு 2013-ல் ராப் ஜேன்சன், ஆரன் ஜான்சன், பால் சைவர்சன் மூவரும் சொன்ன தீர்வு என்னை இன்றும் பரவசப்படுத்துகிறது. அதன் பெயர் லிரா. அடிப்படை ஒரு லாட்டரி, வென்றால் பரிசு அதே முன்னுரிமை. ரிலே நடத்துபவர் தன் உழைப்புக்கு ஈடாக, கட்டாயம் வெல்லும் சீட்டுகளை வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களும் சும்மா ஒரு எண்ணை ஊகித்து அனுப்பலாம், சிலருக்கு அது விழும். கோயிலில் கட்டணத் தரிசன வரிசைக்குள் இலவச வரிசைக்காரர்கள் சிலரையும் குலுக்கல் முறையில் அனுப்பினால், யார் காசு கொடுத்தவர் என்று எப்படிச் சொல்வது? அதேதான். வாங்கிய சீட்டா, குருட்டு அதிர்ஷ்டமா என்று சீட்டைச் சரிபார்க்கும் ரிலேவுக்கே தெரியாது. ஊகித்து வென்றவர்கள், தங்களுக்கே தெரியாமல், உழைத்தவர்களுக்குத் திரையாக நிற்கிறார்கள்.

அப்படியானால் எல்லோரும் ஊகித்தே ஓட்டிவிட மாட்டார்களா? வழி நெடுக வேகம் வேண்டுமென்றால் மூன்று ரிலேயிலும் வெல்ல வேண்டும். ஒரு ரிலேயில் வெல்ல ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், மூன்றிலும் வெல்வது 125-ல் ஒன்று. அந்த வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதுதான் இதன் அழகு.

டோர் இதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அப்புறம், நேரடியாகக் காசே கொடுக்கும் திட்டங்களும் வந்தன. எனக்கு அவற்றில் உடன்பாடில்லை. காசு என்று வந்துவிட்டால் மலிவான டேட்டா சென்டர் வைத்திருப்பவர்கள்தான் குவிவார்கள். பாதி ரிலே ஒரே கையில் சிக்கினால் அநாமதேயம் போயிற்று. அந்தப் பணத்தை நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ரிலே நடத்தக் கொடுக்கலாம் என்பேன். 2015-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கில்டன் பொது நூலகம் ரிலே தொடங்கியது. காவல்துறை கவலை தெரிவித்ததும் நிறுத்திவைத்தார்கள். அடுத்து நடந்த கூட்டத்துக்கு ஊர்மக்கள் திரண்டு வந்து ஆதரித்துப் பேசினார்கள். நூலக நிர்வாகக் குழு ரிலேவை மீண்டும் இயக்க முடிவெடுத்தது.