அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது?

கனடாவில் இருக்கும் ஒரு மகன் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். “மிஸ், அப்பாவுக்கு இனிச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டினம். வச்சுப் பாக்கிற நல்ல இடம் ஒண்டு சொல்லுங்கோ. காசு பிரச்சினை இல்லை.” பின்னாலேயே ஐந்து படங்கள் வந்து விழுந்தன. ஏசி பூட்டிய அறை, தலைப்பக்கம் உயரும் கட்டில், சுவரில் டீவி, வாசலில் பூச்சாடிகள், வெள்ளைச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். எது நல்ல இடம் என்று பார்த்துச் சொல்லட்டாம்.

அவர் கேட்பது நோய்த்தணிப்புப் பராமரிப்பு: குணமாக்க முடியாத நோயில் நோவையும் அவதியையும் குறைத்துப் பார்ப்பது. அதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் காசு கட்டிப் பராமரிக்கும் ஓர் இடத்துக்கு, எனக்குத் தெரிந்த ஓர் ஐயாவைப் பார்க்கப் போனேன். இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஐயாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். ஆயுள் முழுக்க வெற்றிலை போட்டவர். (இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய்தான். வெற்றிலைத் தட்டத்தை மரியாதைக்கு நீட்டும் ஊர்களில் இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது.) நிலம் மினுங்கியது, விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஐயா கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். விரல் மொளிகள் வெளிறும் அளவுக்குப் பிடி. மருந்து அட்டையில் மோர்பின் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்று டொக்டர் எழுதியிருந்தார். “கடைசியா எப்ப குடுத்தனீங்கள்?” என்று நின்ற பிள்ளையைக் கேட்டேன்.

“ரெண்டு மணிக்கு, மிஸ்.”

“இப்ப ஆறரை.”

“அலுமாரித் திறப்பு பெரிய மிஸ்ஸிட்ட. அவ அஞ்சு மணிக்கு வீட்ட போயிட்டா. காலமை வருவா.”

அட்டையை மறுபடி பார்த்தேன். ஆறு மணிக் கட்டத்திலும் இரவு பத்து மணிக் கட்டத்திலும் ஏற்கெனவே சரி போட்டிருந்தது.

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் வரவில்லை. திறப்பைக் கொடுக்காமல் அட்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனவர்களில்தான் கோபம். அன்றிலிருந்து யார் என்னிடம் கேட்டாலும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கச் சொல்கிறேன்: இரவு இரண்டு மணிக்கு மருந்து அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கும்?

மோர்பின் கட்டுப்பாட்டுக்குள் உள்ள மருந்து. பூட்டி வைக்கத்தான் வேண்டும், எண்ணிக் கணக்கு எழுதத்தான் வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் வாயால் கொடுக்கும் சாதாரண மோர்பின் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம்தான் நிற்கும். நோ வந்த பிறகு துரத்துவதைவிட, வர முன்பே நேரத்துக்குக் கொடுப்பதுதான் முறை. உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே இதைப் படிமுறையாக எழுதி வைத்தது. இடையில் நோ முறித்துக்கொண்டு வந்தால் கொடுப்பதற்கு மேலதிக அளவு ஒன்றையும் டொக்டர் எழுதியிருக்க வேண்டும். “இடையில நோ வந்தா என்ன குடுப்பீங்கள்?” என்று கேளுங்கள். “பனடோல் குடுப்பம்”, “டொக்டர் வந்தாப் பாப்பம்” என்று பதில் வந்தால் அந்த இடத்தில் இந்த வேலை பழக்கமில்லை.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் வெட்கமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்: மோர்பினோடு மலம் இளக மருந்து கொடுக்கிறார்களா? மோர்பின் தொடங்கும்போது வரும் தூக்கமும் ஓங்காளமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. அதனால் முதல் நாளிலேயே இரண்டும் சேர்ந்து தொடங்க வேண்டும். ஏழு நாள் வயிறு போகாத ஓர் ஆச்சி, “நோவைப் பொறுக்கலாம், இதைப் பொறுக்கேலாது” என்று மோர்பினையே துப்பியிருக்கிறார். மூன்றாவது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்களா? வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் நிறையப் பேர். சிறுநீரகம் பழுதானவரின் உடலில் மோர்பின் தேங்கும், அளவையும் இடைவெளியையும் மாற்ற வேண்டும், சிலவேளை மருந்தையே மாற்ற வேண்டிவரும்.

“மோர்பின் குடுத்தா கெதியாப் போயிடுவாரோ?” என்று கேட்காத வீடு இல்லை. சரியான அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. நோவுக்கென்று முறையாகக் கொடுக்கும்போது ஆள் அதற்கு அடிமையாகிவிடுவதும் அரிது. நல்ல இடத்து ஆட்கள் இதைச் சலிக்காமல், உட்கார்ந்து சொல்வார்கள். எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்பதே ஓர் அளவுகோல்.

அப்புறம், நோவை எந்த மொழியில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு ‘வலி’ என்றால் வலிப்புத்தான் நினைவுக்கு வரும். எங்கேயோ அச்சடித்த படிவத்தை வைத்துக்கொண்டு “வலி இருக்கா அம்மா?” என்று கேட்டால், “இல்லைப் பிள்ளை, எனக்கு ஒருநாளும் வந்ததில்லை” என்பார். படிவத்தில் பூச்சியம் விழும். அவருக்கு இருப்பது நோ. அதிலும் குத்துது, எரியுது, உளையுது, கடுக்குது, விண் விண்ணெண்டு தெறிக்குது என்று எத்தனை சொற்கள்! இவை வெறும் அலங்காரம் இல்லை. எரியுது, கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்குது என்றால் நரம்போடு சேர்ந்த நோவாக இருக்கலாம். அதற்கு மோர்பின் மட்டும் காணாது, அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற வேறு மருந்துகளை டொக்டர் சேர்ப்பார். எலும்புக்குள் உளையுது என்றால், எலும்பில் பரவிய இடத்துக்கு ஒரே ஒரு தடவை கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலே குறைவதுண்டு. அதற்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முல்லைத்தீவிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். இந்த உடம்பு அந்தப் பயணத்தைத் தாங்குமா, போய் வந்தால் மிஞ்சுகிற நாட்களுக்குப் பலன் இருக்குமா என்று உங்களோடு சேர்ந்து யோசிக்கிற ஆட்களா என்று பாருங்கள்.

பத்துக்கு எத்தனை என்று கேட்டால் ஆச்சிமார் முழிப்பார்கள். நான் “ரூபாயில எவ்வளவு நோ?” என்று கேட்பேன். “முக்கால் ரூபா” என்று உடனே வரும். மருந்து கொடுத்து ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். இந்த இரண்டாம் தரம் கேட்பதைத்தான் பல இடங்களில் காணோம்.

இனி வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவைகள். உண்மையைச் சொன்னால் எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் கேட்பது வீட்டைத்தான். முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக் குளத்துக்கு அங்கால் ஒரு வீடு. கிரவல் றோட்டு. பொழுதுபட்டால் யானை நிற்கும். அங்கே “எப்ப வேணுமெண்டாலும் போன் எடுங்கோ, வருவம்” என்று ஒருவர் சொன்னால் அது பொய், அல்லது அவருக்கு இடம் தெரியாது. அந்த வீட்டைப் பார்த்த குழு வேறு மாதிரிச் செய்தது. இரவில் வரமாட்டோம் என்று நேரே சொல்லிவிட்டு, இரவுக்கான மருந்தை முன்கூட்டியே அளந்து தனித்தனியாக வைத்து, மகளுக்குப் பழக்கினார்கள். மகள் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்தாள்: நேரம், மருந்து, கொடுக்க முன் எத்தனை சதம், கொடுத்த பின் எத்தனை சதம். ஒரு வரியில் “2.10. அம்பது சதம். குடுத்தன். 3.15. பத்துச் சதம். நித்திரை” என்று இருந்தது. அதற்குக் கீழே பேனை மாறியிருந்தது. மறுநாள் வந்த தாதி அந்த வரியைப் படித்து, டொக்டருக்குப் போன் எடுத்து, இரவு அளவைக் கூட்டி எழுதியிருந்தார். அந்தப் பேனை மாற்றத்தைப் பார்த்துத்தான் அது நல்ல குழு என்று முடிவு செய்தேன். அவர்கள் வந்தது பழைய மோட்டார் சைக்கிளில்.

கார்த்திகை, மார்கழியில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும் ஊர்களும் இருக்கின்றன. மழைக்கு முன் எத்தனை நாள் மருந்து கையில் தருவார்கள், தண்ணீர் அடைத்தால் யார் போனில் வழி சொல்வார்கள் என்று புரட்டாசியிலேயே கேட்டு வையுங்கள்.

படுக்கைப்புண்ணைப் பற்றி வன்னிக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. போரில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காமல் இத்தனை வருடமாகத் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் பல ஊர்களில் உண்டு. எனக்குத் தெரிந்ததில் பாதியை அவர்களிடம்தான் படித்தேன். போய்ப் பார்க்கிற இடத்தில் அனுமதி கேட்டு, குதிகாலையும் நாரிக்குக் கீழேயும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அமத்துங்கள். வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. கடைசி நாட்களில் எவ்வளவு கவனித்தாலும் சிலருக்குப் புண் வரும், அதை வைத்து மட்டும் ஓர் இடத்தைக் குறை சொல்ல முடியாது. புரட்டிப் படுக்க வைத்த நேரத்தை எழுதுகிறார்களா என்பதுதான் கேள்வி. மூக்கையும் பயன்படுத்துங்கள். வெடித்த புற்றுப்புண்ணின் நாற்றத்துக்குச் சாம்பிராணி போடுகிற இடமும் உண்டு, மெட்ரோனிடசோல் குளிசையை அரைத்துப் புண்ணில் தூவி நாற்றத்தைக் குறைக்கத் தெரிந்த இடமும் உண்டு. அந்த நாற்றம் போனால்தான் பேரப்பிள்ளை கிட்ட வந்து இருக்கும்.

சேலைன் விஷயத்தில் குடும்பங்களிலும் பிழை இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை என்றதும் வெளிநாட்டிலிருந்து “ஒரு சேலைனாவது ஏத்துங்கோ” என்று போன் வரும். ஏற்றினால் பில்லில் ஒரு வரி கூடும், பார்ப்பவருக்கும் ஏதோ நடப்பது போல இருக்கும். ஆனால் உடம்பு மூடிக்கொண்டு போகும் நாட்களில் அந்தத் தண்ணீர் கால் வீக்கமாகவும் நெஞ்சுக் கரகரப்பாகவும்தான் பெரும்பாலும் திரும்பி வரும். வாயை ஈரப்படுத்தினால் போதும். பால் பருக்க விரும்பினால் உதட்டில் ஒரு துளி, தலையைப் பக்கவாட்டில் சரித்து. கேட்டவுடன் ஏற்றிவிடும் இடத்தைவிட, “வேண்டாம்” என்று உங்களோடு வாதாடுகிற இடத்தை நம்புங்கள்.

இன்னொன்று: கடைசி மணித்தியாலங்களில் அவரை எங்கே வைத்திருப்பார்கள்? சாவு தங்கள் இடத்தில் விழக்கூடாது என்று, மூச்சு மாறத் தொடங்கியதும் அவசர அவசரமாக வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும் இடங்கள் இருக்கின்றன. முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் என்றால், கிராம அலுவலருக்கு அறிவிப்பது, பதிவாளரிடம் போவது, ஆஸ்பத்திரியில் நோய் விவரம் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துக் கையோடு வைத்திருப்பது இவற்றையெல்லாம் குழு முன்கூட்டியே சொல்லித் தந்திருக்க வேண்டும்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாக. தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி பதிய வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முதியோர் இல்லமாக நடக்கும் இடம் மருத்துவ இடம் ஆகிவிடாது. அரச பக்கமும் விசாரியுங்கள்: சுகாதார அமைச்சின் 2019–2023 தேசியச் சட்டகம் நோய்த்தணிப்புப் பராமரிப்பை ஆஸ்பத்திரியோடு நிறுத்தாமல் ஊருக்கும் கொண்டுபோகச் சொன்னது. உங்கள் பிரிவில் பொதுச் சுகாதாரத் தாதிய அலுவலர் இருக்கிறாரா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் தெரியும். அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்.

காசு, கட்டில், பம்பஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு, “அவருக்கு என்ன விருப்பம்?” என்று அவர்களாகவே கேட்டார்களா? ஓர் அம்மாவுக்கு வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. வைகாசி வரை இருக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். குழுவில் இருந்த பிள்ளை ஒருநாள் அந்த வழியால் வந்து கண்ணகை அம்மனின் திருநீறைக் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னோர் அம்மா இரவிரவாகக் கேட்டது 2009 இல் காணாமற்போன மகனை. அதற்கு யாரிடமும் மருந்தில்லை. தூக்கக் குளிசை கொடுத்து அமத்தாமல், அவன் பெயரைச் சொல்லிக் கதை கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தது.

கடைசியாக, செத்த வீடு முடிந்த பிறகு வருவார்களா என்று கேளுங்கள். முத்தையன்கட்டு வீட்டுக்கு அந்தக் குழு எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கு முன் வந்தது. மிஞ்சிய மோர்பின் குளிசைகளை மகளுக்கு முன்னால் எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் விட்டுவைக்கக் கூடாத மருந்து அது. பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். கொப்பியையும் கேட்டார்கள், புதிதாக வருபவர்களுக்குக் காட்டலாம் என்று. மகள் யோசித்துவிட்டு, “படம் எடுத்துக்கொண்டு போங்கோ” என்றாள்.