எது ராணுவ ரகசியம், எது நம்முடைய பயம்?

2021 டிசம்பர் 8 மதியம், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு அதில் வந்துகொண்டிருந்தார்கள். ராவத் இறந்துவிட்டார் என்று விமானப்படை அறிவித்தபோது மாலையாகிவிட்டது. சிரியாவில் எடுத்த பழைய வீடியோ ஒன்று 'குன்னூர் விபத்து' என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. சதி என்று சிலர் சொன்னார்கள். எந்த நாட்டின் சதி என்றும் சிலர் விளக்கம் கொடுத்தார்கள். தீயைக் கண்டதும் தண்ணீரும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடிய நஞ்சப்பசத்திரம் மக்கள்தான் கண்ணால் பார்த்த சாட்சிகள். அவர்களிடம் நின்று கேட்டு எழுதிய செய்திகளைவிட வதந்தி வேகமாகப் போனது.

இந்த மலையில் நிருபராக இருப்பவருக்கு ராணுவம் தூரத்து விஷயம் இல்லை. வெலிங்டனில் முப்படை அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இருக்கின்றன. அருவங்காட்டில் நூறாண்டு கடந்த வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ ஃபேக்டரியிலோ இருக்கும் தெருக்களை இங்கே நிறையப் பார்க்கலாம். அதனால் எதை எழுதுவது, எதை விடுவது என்ற கேள்வி எங்களுக்கு அன்றாட வேலை.

எழுதாமல் விடவேண்டியவை உண்டு. பெரிய தலைவர் கல்லூரிக்கு வருகிறார் என்றால் முதல் நாளே கான்வாய் ஒத்திகை நடக்கும். எந்தச் சாலை, எத்தனை மணி என்பது எங்கள் கண்முன்னே தெரியும். அதை எழுத மாட்டோம்; யாரும் வந்து சொல்லவும் தேவையில்லை. மும்பைத் தாக்குதலின்போது டிவி நேரலையைப் பார்த்துத்தான் எல்லைக்கு அப்பாலிருந்து பயங்கரவாதிகளுக்கு உத்தரவு போனது. கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலை செய்யக்கூடாது என்ற விதி 2015இல் வந்தது. அது சரியான விதி என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்த நல்ல கட்டுப்பாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொன்றும் உள்ளே வந்துவிடுகிறது. ஃபேக்டரிப் பக்கம் பெரிய சத்தம் கேட்டால் முதல் போன் ஷிப்டில் இருப்பவரின் வீட்டிலிருந்து வரும். "அண்ணா, என்ன சத்தம்? யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்ன தயாரித்தார்கள், எவ்வளவு இருப்பு, எந்தக் கட்டடத்தில் எது இருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தங்கைக்கு வேண்டாம். எத்தனை பேருக்குக் காயம், எந்த ஆஸ்பத்திரி, ஆபத்து முடிந்ததா? இவைதான் வேண்டும். இதைச் சொன்னால் எந்த எதிரிக்கு என்ன லாபம்? இருந்தும் "டிஃபென்ஸ் மேட்டர், நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒரு நாள் முழுக்கச் செய்தி தேங்குவதைப் பார்த்திருக்கிறேன். தடுத்தவர் அதிகாரி இல்லை, எங்கள் ஆட்களே.

காரணம் பயம். 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தில், ராணுவ இடங்கள் தொடர்பான உளவுக் குற்றத்துக்கு 14 ஆண்டு வரை சிறை உண்டு. பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானியை 2002இல் இதே சட்டத்தில் கைது செய்தார்கள். அவரிடமிருந்து எடுத்தது யாருக்கும் இணையத்தில் கிடைத்த தகவல் என்பது பின்னால் தெரிந்து, வழக்கு வாபஸ் ஆனது. அதற்குள் ஏழு மாதம் திகார் சிறை. பெரிய நாளிதழின் தலைமை நிருபருக்கே அந்த நிலை என்றால், செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தாலுகா நிருபர் என்ன செய்வார்? அவருக்கு நியமனக் கடிதம் கிடையாது, நிர்வாகம் வக்கீல் வைத்துக் கொடுக்காது. அவர் வாயை மூடிக்கொள்வதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவரைத் தனியாக விட்டுவிட்டு எக்ஸ்க்ளூசிவ் மட்டும் கேட்கும் நிர்வாகங்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

சட்டம் ஒரே பக்கமாகவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு, பொதுநலன் பெரிதென்றால் ரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் ஆவணங்கள் பத்திரிகையில் வந்தபோது, நீதிமன்றம் அவற்றைப் பார்க்கவே கூடாது என்ற மத்திய அரசின் ஆட்சேபத்தை 2019இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மீடியா ஒன் என்ற மலையாளச் செய்தி சேனலின் உரிம வழக்கில் 2023இல், தேசப் பாதுகாப்பு என்று சும்மா சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும் என்றது.

அப்புறம், இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்த 2025 மே மாதம். நடவடிக்கைகளை நேரலை செய்யாதீர்கள் என்று அரசு சொன்னது, நியாயம். அதே நாட்களில் கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று சில சேனல்கள் இரவு முழுக்கச் சொன்னார்கள். அது பொய். நம் போர் விமானங்கள் விழுந்ததா என்ற கேள்வியைக் கேட்டவர்களோ தேசத்துரோகி என்று பெயர் வாங்கினார்கள். மே 31 அன்று சிங்கப்பூரில், முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகானே வெளிநாட்டு ஊடகத்துக்குப் பேட்டி கொடுத்து இழப்பை ஒப்புக்கொண்டார். உண்மையைக் கேட்டவரைத் திட்டிவிட்டுப் பொய் சொன்னவருக்குக் கைதட்டியதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

குன்னூர் விபத்துக்கே வருகிறேன். எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையறிவு தடுமாறியது, சதி இல்லை என்று விசாரணைக் குழு 2022 ஜனவரியில் சொன்னது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு அறிக்கையில் காரணம் 'விமானக் குழுவினரின் தவறு' என்று பதிவானது. இறந்துபோன விமானிகள் பதில் சொல்ல முடியாது. பள்ளத்தாக்கு வானிலை அன்று விமானிக்கு எப்படிச் சொல்லப்பட்டது, அதற்குப்பின் என்ன மாற்றம் செய்தார்கள் என்று கேட்பதில் ரகசியம் எதுவும் உடையாது. விபத்து நடந்த இடத்துக்கு அருகே இருக்கும் காட்டேரிப் பக்கம் மேகம் எப்படி நொடியில் இறங்கும் என்று தெரிந்த நாம்தான் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இளம் நிருபர்களுக்கு: "அதை எடுத்துடுங்க" என்று போன் வந்தால், யார் பேசுகிறார், எந்த வரி, எதனால் என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீரர்களின் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். காரணம் சொல்லவில்லை என்றால் ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். வாசகர்களுக்கு: ராணுவச் செய்தி என்று ஏதாவது வந்தால், எந்த ஊர், யார் சொன்னது, எப்போது எடுத்த படம் என்று தெரியும்வரை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். உங்கள் ஊர்ச் செய்தி வரவில்லை என்றால் உள்ளூர் நிருபரைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அந்தப் போன்கள் வந்தால்தான் ஆசிரியரிடம் எங்களால் வாதாட முடியும்.