ஆட்கொல்லி: ஒரு சொல் விளக்கம்

கூடலூர்ப் பக்கமோ மசினகுடிப் பக்கமோ ஒருவரைப் புலி அடித்துவிட்டால், கொஞ்ச நேரத்திலேயே நிருபர்களின் போன் வரத் தொடங்கிவிடும். "ஆட்கொல்லிப் புலியா சார்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அதனால்தான் நீலகிரியில் காட்டுயிர் அமைப்புகளில் இருப்பவர்களுக்கு ஊடகப் பயிற்சி நடத்தும்போது, செய்திக்குறிப்பு எழுதுவதற்கும் முன்னால் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

ஆள், கொல்லி இரண்டும் சேரும்போது ளகரம் டகரமாகத் திரிந்து ஆட்கொல்லி ஆகிறது. இந்தச் சொல் பணத்துக்கும் பொன்னுக்கும் ஆகிவந்திருக்கிறது. புதையலைப் பார்த்த துறவி "ஆட்கொல்லி, ஆட்கொல்லி" என்று அலறிக்கொண்டு ஓடுவார். பின்னால் வந்தவர்கள் அதற்காகவே ஒருவரையொருவர் கொன்று சாவார்கள். இந்தக் கதையைப் பலரும் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். இன்றைய செய்திகளில் அது 'மேன் ஈட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் புழங்குகிறது.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மனிதரைத் தின்பது என்று பொருள். முதுமலையை ஒட்டிய வயநாட்டில் மலையாளிகள் நரபோஜி என்கிறார்கள், பந்திப்பூர்ப் பக்கம் கன்னடத்தில் நரபக்ஷக என்கிறார்கள். இரண்டிலும் தின்பதுதான் இருக்கிறது. தமிழில் மட்டும் கொல்வது வந்து உட்கார்ந்துகொண்டது. மனிதரையே இரையாகத் தேடித் திரியும் புலியும், தேயிலைக் காட்டில் குனிந்து நின்றவரை வேறு விலங்கென்று நினைத்துப் பாய்ந்த புலியும், குட்டியைக் காக்கத் தாக்கிய புலியும் நமக்கு ஒரே பெயரில் வருகின்றன. புல் தின்னும் யானையைக்கூட 'ஆட்கொல்லி யானை' என்று எழுதிவிட முடிகிறது!

'கொல்லி' என்ற முடிவையும் கவனிக்க வேண்டும். பூச்சிக்கொல்லி என்றால் பூச்சியைக் கொல்வதே அதன் வேலை. அதேபோல, ஒருமுறை நடந்ததை அந்த விலங்கின் இயல்பாகவே இந்தச் சொல் ஆக்கிவிடுகிறது. அப்புறம் ஊர் கேட்பது ஒன்றுதான்: எப்போது சுடுவீர்கள்?

2021-இல், மசினகுடிப் பக்கம் ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட, வனத்துறை டி23 என்று பெயரிட்ட புலியின் விவகாரத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். அக்டோபர் தொடக்கத்தில் வேட்டை உத்தரவு வந்தது. அது ஆட்கொல்லியாக இல்லாமலும் இருக்கலாம், உடனே கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து, மைசூருக்குக் கொண்டுபோனார்கள். செய்திகளில் பெயர் என்னவோ தொடக்கம் முதலே ஆட்கொல்லிதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் ஆட்கொல்லி என்ற வகையே கிடையாது. 'மனித உயிருக்கு ஆபத்தானதாக ஆகிவிட்ட' விலங்கு என்றுதான் பேசுகிறது. புலி போன்ற முதல் அட்டவணை விலங்கை, அதாவது சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் விலங்கைப் பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறு இடத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது என்று தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு உறுதியானால்தான் கொல்ல உத்தரவிட முடியும். அதையும் காரணம் காட்டி எழுத்தில் தர வேண்டும். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் பழைய சொல்லை விட்டு இந்தச் சொல்வழக்குக்கு மாறிவிட்டது. ஆகவே செய்திக்குறிப்பில் எழுத வேண்டியது 'மனித உயிருக்கு ஆபத்தான விலங்கு'. அதையும் அந்த உத்தரவு வந்த பிறகே எழுத வேண்டும்.

நீளமாக இருக்கிறது, தலைப்பில் அடங்காது என்று நிருபர்கள் சொல்வார்கள். நியாயம்தான். மலையில் உள்ளவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். "புலி அடிச்சிருச்சு", "ஆனை மிதிச்சிருச்சு" என்பார்கள். நடந்ததை மட்டும் சொல்லும் வினைச்சொல், தலைப்புக்கும் போதும். போனில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "இன்று காலை மாடு மேய்க்கப் போனவரைப் புலி தாக்கியிருக்கிறது, அவர் இறந்துவிட்டார். எந்தப் புலி என்று கேமரா வைத்து வனத்துறை பார்க்கிறது. அந்தப் பக்கம் யாரும் தனியாகப் போக வேண்டாம்."

இறந்தவர் வீட்டில் நின்று பேசும்போது இந்தச் சொல்லாராய்ச்சி வேண்டாம். அண்ணனைப் பறிகொடுத்தவர் ஆட்கொல்லி என்றால், திருத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைத் தவிர்க்கும் பொறுப்பு மைக்கின் முன் நிற்கும் நமக்கும், தலைப்புப் போடுபவர்களுக்கும்தான்.