வெறிநாய் தண்ணீர் குடிக்குமா?

தெருநாய் கடித்த தன் மகனுக்காக ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "அந்த நாய்க்குத் தண்ணீர் வைத்துப் பார்த்தோம், குடித்தது. அப்போ வெறி இல்லைதானே?" அம்மா, முதலில் பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். விளக்கத்தை அப்புறம் படிக்கலாம். வெறிபிடித்த நாயும் தண்ணீர் குடிக்கும்.

இந்த வெறியைத் தரும் ரேபிஸ் வைரஸ் கடிபட்ட தசையிலிருந்து நரம்பில் ஏறி, மெல்ல மூளைக்குப் போய், அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. இதுவரை மனிதருக்கும் நாய்க்கும் ஒரே பாதைதான். நாய் கட்டை, கல் என்று அகப்பட்டதையெல்லாம் கடிக்கும், குரைப்பு கரகரத்துப் போகும், கடைசியில் தாடை தொங்கிவிடும். அப்போதும் தண்ணீரைத் தேடிப் போய் நக்கும். விழுங்க முடியாமல் ஒழுகவிடும். மாடு ஓயாமல் கத்தும், எச்சில் வடிக்கும். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

தண்ணீரைக் கண்டு நடுங்குவது மனிதர்தான். நமக்குப் புரையேறினால் மூளைத்தண்டு நொடியில் மூச்சுக்குழாயை மூடி, இருமி வெளியே தள்ளிவிடும். மூச்சு இழுக்கும் வேலைக்குக் கடிவாளமாக அங்கே இருக்கும் நரம்பணுக்களை ரேபிஸ் கெடுத்துவிடுகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். ஒரு மடக்கு நீர் தொண்டையில் பட்டதும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசையும் கழுத்துத் தசைகளும் வெட்டி இழுக்கின்றன. இருமல் வெளியே தள்ளும். இது உள்ளே இழுக்கும். தலை பின்னால் சாய்கிறது, டம்ளர் பிடித்த கை நடுங்குகிறது. தாகமோ அப்படியே இருக்கிறது. நாலைந்து முறை பட்டபின் குழாய் திறக்கும் சத்தமே போதும். முகத்தில் மின்விசிறிக் காற்று பட்டாலும் அதே துடிப்பு. ஆனால் இடையிடையே நினைவு தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறார். சிலருக்கு மட்டும் இந்தத் துடிப்பு இல்லாமல் கைகால் தளர்ந்துவிடும்.

நாய் கடித்தவன் நாய் மாதிரிக் குரைப்பான் என்பார்கள். குரல்வளை இறுகி, மூச்சுக்குத் திணறும்போது வரும் சத்தம் அது. அதைக் கேட்டு மந்திரிக்கக் கூட்டிப்போவதும், கடித்த அன்றே சுண்ணாம்பையும் மிளகாய்ப்பொடியையும் காயத்தில் அப்புவதும் எனக்குத் தாங்க முடியாத கோபம் தருகிறது. வெறிநாய்க்கடி மருத்துவத்துக்கென்றே குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தொடங்கிய மாநிலம் இது.

அம்மா, கடிவாயைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் (வைரஸை உடனே எதிர்க்கும் மருந்து) கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் ஊசி என்றால் முதலாவது இன்றைக்கே (இது 0ஆம் நாள்); அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள்.